முன்னறைக் கம்ப்யூட்டரும் பின்னறை லேப்டாப்பும்

கல்யாண ஆல்பம் என்றால் பட்டனைத் தட்டியதும் வந்து விழுந்துவிடும் என்று நினைக்கிற ஆட்களோடுதான் எனக்குத் தினமும் வேலை. தென்காசியில் என் வீட்டுக்காரர் ஆசிப்பும் நானும் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். அவர் படம் எடுப்பார். கடை, கஸ்டமர், சண்டை எல்லாம் இந்த ஜுஹைனாவின் தலையில். ஆனால் எங்கள் ஆல்பம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்தப் பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் சேராது. குற்றாலத்தில், ஐந்தருவி போகிற ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், ஒரு வீட்டின் பின்னறையில் உட்கார்ந்திருக்கும் ஜெயபிரியாவுக்குத்தான் சேரும். அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இப்போது எழுத வைத்தது ஆத்திரம்.

பிரியா பிறந்ததே அந்த வீட்டில்தான். அவள் அப்பா குற்றாலிங்கம் வடகரைப் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு அது. இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவளைக் கடையத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அவன் கையை நீட்டினான், இவள் கிளம்பி வந்துவிட்டாள். இதற்கு மேல் விவரம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை. வீட்டில் அவள் அண்ணன் மணிமுத்துவும் மதினி முப்பிடாதியும் இருக்கிறார்கள். மணிமுத்து அண்ணாச்சி போலீஸ் வேலையிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். சட்டையைக் கழற்றிவிட்டாரே தவிர ஸ்டேஷனை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. யார் வந்தாலும் முதலில் ஒரு பார்வை பார்ப்பார், அதற்குப் பிறகுதான் வாங்க என்பார்.

பிரியாவின் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். ஆல்பம் கொடுத்த மறுநாளே சொந்தபந்தத்தின் சண்டை ஸ்டுடியோவுக்கு வந்துவிடும். தாய்மாமன் மாலை போடும் படம் சின்னதாகப் போய்விட்டது, மூத்த மருமகன் ஓரத்தில் நிற்கிறார், பெரியப்பா வீட்டு ஆட்களைக் காணவே காணோம் என்று ஆளாளுக்கு ஒரு பஞ்சாயத்து. பிரியா எங்களுக்கு ஆல்பம் டிசைன் செய்ய வந்த பிறகு அந்தப் பஞ்சாயத்து நின்றது. படங்களைத் தொடும் முன் பெண் வீட்டுக்கு ஒரு போன், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போன். யார் யாருக்கு என்ன முறை, யார் யாரோடு பேசுவதில்லை, யார் இறந்துபோய் அவர் இடத்தில் யார் நின்று சடங்கு செய்தார்கள் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொள்வாள். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியை ஒரே பக்கத்தில் போட மாட்டாள். ஆளுக்கொரு பக்கம், ஆனால் இரண்டும் ஒரே அளவு. இப்படிப் பார்த்துப் பார்த்து அடுத்தவர் வீட்டு ஆட்களுக்கெல்லாம் இடம் ஒதுக்குகிறவள் அவள்.

அந்த வேலைக்கு இரண்டு கம்ப்யூட்டர். பெரிய கம்ப்யூட்டர் முன்னறையில் இருக்கும். கேமரா கார்டுகளை ஆசிப் கொண்டுபோய்க் கொடுத்தால் எல்லாப் படங்களும் அதில் ஏறிவிடும். ஒரு கல்யாணத்துக்கே ஆயிரக்கணக்கில் படம், லேப்டாப் தாங்காது. பிரியா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது உட்கார்ந்து, வைஃபை வழியாக அந்தப் பெரிய கம்ப்யூட்டரின் ஃபோல்டரைத் திறந்து வேலை பார்ப்பாள். போன வருஷம்வரை இதில் ஒரு குறையும் இல்லை.

குற்றாலத்தில் சீசன் வந்தால் வீடு வீடாக இருக்காது. சாரல் விழ ஆரம்பித்ததும் அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் முன்பக்கத்து அறைகளைக் குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, குடும்பத்தோடு ஒரு மூலைக்குள் ஒடுங்கிக்கொள்வார்கள். மணிமுத்து அண்ணாச்சியும் அப்படித்தான். முன்னறையை ஆபீஸ் ஆக்கி, மாடி அறைகளையும் கூடத்து அறையையும் விட்டுவிடுவார். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஊர் வழக்கம். பிரியாவுக்கு மட்டும், பின்முற்றத்துக்கு அந்தப் பக்கம் தேங்காய் போட்டு வைத்திருந்த அறை. அவளும் முணுமுணுக்காமல் தேங்காயை ஒதுக்கிவிட்டு மேஜையைப் போட்டுக்கொண்டாள். பெரிய கம்ப்யூட்டர் மட்டும் அண்ணாச்சியின் வாடகைக் கணக்குக்காக முன்னறையிலேயே நின்றது.

இந்த வருஷம் சீசன் தொடக்கத்தில் அண்ணாச்சி புது ரவுட்டர் வாங்கினார். பழையது மாடிக்கு எட்டவில்லை, வருகிறவர்கள் எல்லாம் முதலில் வைஃபை இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள் என்றார். மாட்டுவதற்கு வந்தவர் மாட்டிவிட்டுப் போனார். அண்ணாச்சியே பிரியாவின் லேப்டாப்பை வாங்கி, பாஸ்வேர்டைத் தன் கையால் போட்டுக் கொடுத்தார். நெட் பாய்ந்துகொண்டு வந்தது. அன்றிலிருந்து முன்னறைக் கம்ப்யூட்டர் பிரியாவின் லேப்டாப்புக்குத் தெரியவில்லை.

நேரம் பார்த்து வந்த கோளாறு. வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாணம் முடிந்து, ஆல்பத்தை மாப்பிள்ளை லீவு முடிந்து பட்டாளத்துக்குக் கிளம்பும் முன் கொடுத்துவிடுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆசிப் ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தார். திருநெல்வேலியில் பெரிய டிசைனர் ஒருத்தர் இருக்கிறார், ஆபீஸ் வைத்துச் செய்கிறார், வீட்டிலிருந்து செய்கிற பெண்ணை நம்பி எத்தனை காலம் ஓட்டுவது என்று அவர் பாட்டு. இந்த ஒரு ஆல்பம் தவறினால் அவர் பாட்டுக்கு நான் எதிர்ப்பாட்டு பாட முடியாது. பிரியாவுக்கும் அது தெரியும். அந்த வேலை போனால் அவளுக்குக் கையில் இருப்பது அந்தத் தேங்காய் அறை மட்டும்தான்.

முதலில் பென்டிரைவில் அள்ளினாள். முன்னறையில் ஏற்றி, சாரலில் நனையாமல் தாவணி போட்ட காலத்து ஓட்டம் ஓடி, பின்னறையில் இறக்கி, வேண்டாத படத்தைத் தள்ளி, மறுபடி முன்னறை. முன்னறையில் வாடகைக்கு வந்தவர்கள் சாவிக்கு நிற்பார்கள், எண்ணெய் தேய்க்க ஆள் கிடைக்குமா என்று இவளிடமே கேட்பார்கள். எந்தப் படத்தைத் திருத்தினோம், எதைத் திருத்தவில்லை என்று இரண்டு பக்கமும் குழம்பிப்போய், தாலி கட்டும் பக்கத்தையே இரண்டு தடவை செய்தாள்.

அண்ணனிடம் சொன்னாள். நெட் வருதுல்லா, அப்புறம் என்ன என்றார். மதினியிடம் சொன்னாள். நெட் நல்லாத்தானே வருது என்றார். ரவுட்டர் மாட்டியவருக்கு போன் போட்டாள். நெட் வருதாம்மா, வந்தா நம்ம வேலை முடிஞ்சுது என்று வைத்துவிட்டார். எனக்கு இந்த இடத்தில்தான் முதல் கோபம் வந்தது. தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்றால் கரண்ட் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்களா? அவள் நெட்டைக் கேட்கவே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு கம்ப்யூட்டர் ஏன் ஒன்றையொன்று பார்க்க மாட்டேன் என்கிறது என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு வைத்தியம் தொடங்கியது. யூடியூப்பில் ஒரு பையன் இந்த டிக்கைப் போடு, அந்த டிக்கை எடு என்றான். போட்டாள், எடுத்தாள். ஷேரிங் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்தாள், ஆகியிருந்தது. ஃபோல்டருக்கு அனுமதி இருக்கிறதா, இருந்தது. இரண்டையும் அணைத்துப் போட்டாள். தென்காசியிலிருந்து ஒரு சர்வீஸ்காரரை நான் அனுப்பி வைத்தேன். அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்து, விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். அது வேண்டாம் என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு கம்ப்யூட்டரிலும் பாதுகாப்புக்கு இருந்த ஃபயர்வாலை அணைத்தார், ஷேரிங்குக்கு இருந்த பாஸ்வேர்டை எடுத்தார், ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்று வைத்தார். அப்படியும் தெரியவில்லை. பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார். போகும்போது மதினியிடம், பொம்பளைங்க கண்டதையும் அமுக்கிருதாங்க, அதான் இப்படி ஆகுது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆளை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பார்ப்பேன்.

மறுநாள் கடையை ஆசிப்பிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே போனேன். பிரியா லேப்டாப்பை முன்னறைக்கே கொண்டுவந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டும் ஒரே மேஜையில், தொட்டுக்கொண்டு இருக்கின்றன. அப்போதும் தெரியவில்லை. அவள் முகம் வாடிப்போய் இருந்தது. திருநெல்வேலிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள் அக்கா, மாப்பிள்ளை கிளம்புவதற்குள் அவராவது முடிக்கட்டும் என்றாள். வாயை மூடு என்றேன்.

அப்போதுதான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பிரிண்டர் தானாகக் கடகடவென்று ஓடி ஒரு தாளைத் துப்பியது. நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை. அதுவும் வைஃபை பிரிண்டர்தான். ரவுட்டர் மாறியதிலிருந்து அதுவும் பிரியாவின் லேப்டாப்புக்குத் தெரியாமல் போயிருந்தது. தாளை எடுத்துப் பார்த்தால் ரயில் டிக்கெட். உள்ளேயிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே பால்வண்ணநாதன் வந்தார். மதினியின் தம்பி. வடகரையில் இருக்கிறவர், சீசன் குளியலுக்காக முந்தின நாள்தான் வந்திருந்தார். போனிலிருந்து பிரிண்ட் கொடுத்தாராம்.

நேற்று வந்தவருடைய போனுக்குத் தெரிகிற பிரிண்டர், வருஷக்கணக்காக இங்கேயே இருக்கிறவளுடைய லேப்டாப்புக்கு ஏன் தெரியவில்லை? போனைக் கொடுங்கள் என்று வாங்கிப் பார்த்தோம். பிரியாவின் லேப்டாப்பில் வைஃபை பெயர் ‘குற்றாலிங்கம்’. அவர் போனில் ‘குற்றாலிங்கம் ஹோம்’. அப்படி ஒரு பெயர் பிரியாவின் லேப்டாப் காட்டும் வரிசையிலேயே இல்லை.

பாவம், பால்வண்ணநாதனுக்குக் கள்ளம் தெரியாது. சிரித்துக்கொண்டே சொன்னார். "அது பேரு வெளிய தெரியாதுக்கா. மறைச்சு வச்சிருக்கு. அத்தான் கையால டைப் பண்ணி போட்டுத் தந்தாக. வீட்டாளுகளுக்கு மட்டும் அது, வாடகைக்கு வாரவங்களுக்கு இன்னொண்ணு."

பிரியா எழுந்து கூடத்து அறைக்குப் போனாள். அந்த அறைக் கதவில், வருகிறவர்கள் பார்த்துக்கொள்வதற்காக வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அச்சடித்து ஒட்டியிருந்தது. நானும் பின்னால் போனேன். அதில் இருந்தது ‘குற்றாலிங்கம்’. அவள் லேப்டாப்பில் இருந்த அதே பெயர்.

பிறகு சந்தேகம் தீர இரண்டு கம்ப்யூட்டரின் ஐபி எண்ணையும் எடுத்துப் பார்த்தோம். ஒரே வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த எண்ணின் முதல் மூன்று பகுதி ஒன்றாக இருக்க வேண்டுமாம், கடைசிப் பகுதி மட்டும்தான் மாறுமாம். ஒரே தெரு, வேறு வேறு கதவு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தெருவே வேறாக இருந்தது. வாடகைக்கு வருகிறவர்கள் வீட்டு கம்ப்யூட்டரை நோண்டக் கூடாது என்று அந்த ரவுட்டரில் நடுவே ஒரு மதில். நெட் இரண்டு பக்கமும் வரும், ஆனால் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாது. மதிலுக்கு உள்ளே அண்ணன், மதினி, முன்னறைக் கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவி, மதினியின் தம்பி. மதிலுக்கு வெளியே அருவியில் குளிக்க வந்த மதுரைக்காரர்கள், பிரியா.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல? கை தவறிப் போட்டிருந்தால்கூட மன்னிக்கலாம். இது தவறு இல்லை. லேப்டாப்பைக் கையில் வாங்கி, இவள் எந்தப் பக்கம் என்று யோசித்துப் போட்டது. இவள் ஓடி ஓடிச் சாகும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, நெட் வருதுல்லா என்று கேட்டதும் அதே மனுஷன்தான்.

அண்ணாச்சி சந்தைக்குப் போய்விட்டு வரும்வரை உட்கார்ந்திருந்தோம். வந்ததும் பிரியா சண்டைக்குப் போகவில்லை. எனக்கு எதுக்குண்ணே வாடகைக்காரங்க பாஸ்வேர்டைப் போட்டே என்று மட்டும் கேட்டாள். அவர் திருதிருவென்று முழிப்பார் என்று நினைத்தேன். முழிக்கவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, ஏதோ சின்ன விஷயத்துக்கு விளக்கம் சொல்கிறவர் போல நிதானமாகச் சொன்னார்.

"ஏட்டி, நீ இன்னைக்கு இங்கன இருக்க. நாளைக்கு மனசு மாறி கடையத்துக்கே போயிருவ. போற இடத்துக்கெல்லாம் வீட்டு பாஸ்வேர்டைக் கொண்டுட்டா போவாக? உனக்கு நெட்டு வேணும், நெட்டு வருதுல்லா."

உங்க மச்சினன் நாளைக்கு வடகரைக்குப் போகலையா அண்ணாச்சி என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று ஆசிப் பிறகு சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. அண்ணாச்சி என்னை ஸ்டேஷன் பார்வை பார்த்தார். சீசன் முடியட்டும், மாற்றிப் போட்டுத் தருகிறேன் என்று பிரியாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். சீசன் முடிவதற்குள் மாப்பிள்ளை கிளம்பிப் போய் எல்லையில் நின்றிருப்பார்.

கெஞ்சிக் கேட்டு அந்த பாஸ்வேர்டை வாங்கிவிடு என்று நான் சொன்னேன். பிரியா மாட்டேன் என்றாள். அவர் கொடுத்தால் நாளைக்கு அவரே மாற்றியும் விடுவார் என்றாள். அது சரிதான். வைஃபையில்தான் அந்த மதில், ரவுட்டரில் நேராக வயரைச் செருகினால் மதில் கிடையாது என்று அவள் எங்கோ படித்திருந்தாள். அன்றைக்கே என் ஸ்கூட்டியில் தென்காசிக்கு வந்து, நீளமாக ஒரு லேன் கேபிள் வாங்கிப் போனாள். முன்னறை ரவுட்டரிலிருந்து கூடம், அடுப்படி, பின்முற்றம் என்று வாசல் வழியாகவே தரையில் இழுத்துக்கொண்டுபோய் லேப்டாப்பில் செருகினாள். முன்னறைக் கம்ப்யூட்டர் அந்த நிமிஷமே வந்து நின்றது. போனில் என்னைக் கூப்பிட்டு, வந்துட்டுக்கா என்றாள். சர்வீஸ்காரர் கழற்றிப் போட்ட ஃபயர்வாலையும் பாஸ்வேர்டையும் திரும்பப் போட்டாள்.

ஆல்பம் முடிந்தது. மாப்பிள்ளை கிளம்பும் முன் பெண் வீட்டாரே வந்து வாங்கிப் போனார்கள். யாரும் பஞ்சாயத்துக்கு வரவில்லை. ஆசிப் திருநெல்வேலிக்காரரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலையில், பிரியா எழுந்து கதவைத் திறந்தால் வாசல்படியில் அந்தக் கேபிள் முழுசாகச் சுருட்டி, சணலால் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வாடகைக்கு வந்தவர்கள் தடுக்கி விழுகிறார்களாம், பார்க்க நன்றாக இல்லையாம், மதினி சொன்னார். நிஜமாகவே ஒருத்தர் தடுக்கியிருக்கலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

பிரியா எனக்கு போன் போட்டு, ஸ்டுடியோவில் ஃபிரேம் மாட்டுவதற்கு வைத்திருக்கும் டிரில்லிங் மெஷினைக் கொண்டு வர முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மெஷினை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். முன்னறைக்கும் பின்முற்றத்துக்கும் நடுவில் இருப்பது அண்ணன் மதினி படுக்கும் அறை. வாசல்களைச் சுற்றாமல், அந்த அறைச் சுவர் வழியாகக் கேபிளை மேலாக்கக் கொண்டுபோனால் யார் காலும் தடுக்காது, பாதி நீளம் போதும். முன்னறையில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குறியெல்லாம் போடாமல், மெஷினைச் சுவரில் வைத்து அமுக்கினாள். செங்கல் பொடி அவள் தலையில் கொட்டியது.

சத்தம் கேட்டு அண்ணாச்சி உள்ளே ஓடி வந்தார். மதினியும் வந்தார். வாடகைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் கூடத்தில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, யாரைக் கேட்டு சுவத்துல ஓட்டை போடுத?"

பிரியா மெஷினை நிறுத்தினாள். ஓட்டைக்குள் ஊதிப் பொடியைத் தட்டினாள். பிறகுதான் திரும்பினாள்.

"வாடகைக்கு இருக்கவதான் ஆணி அடிக்கக் கேக்கணும்ண்ணே. இது எங்கப்பா கட்டின சுவரு."

அவள் ஸ்டூலை விட்டு இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனாள்.